பழைய இயக்கம், புதிய இயக்கம்: கையெழுத்துப் போடுவது யார்?

சமூகவியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘புதிய சமூக இயக்கங்கள் பழைய இயக்கங்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன? பாடத்தில் வரும் ஐரோப்பிய எடுத்துக்காட்டுகள் மனத்தில் ஒட்டவில்லை. சென்னையை வைத்து விளக்க முடியுமா?’

முடியும். சென்னையை வைத்து விளக்கினால் உங்கள் பாடத்தில் பாதி சரியாக வரும், மீதி இடிக்கும். தேர்வுத் தாளுக்குச் சரியாக வரும் பாதி போதும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1960களுக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவில் மாணவர், பெண்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர், அணு எதிர்ப்பாளர், தற்பாலினர் எனப் பலர் தெருவுக்கு வந்தார்கள். 1968இல் பாரிஸில் வெடித்த மாணவர் எழுச்சியைத் தொழிற்சங்கக் கணக்கில் மட்டும் அடக்க முடியவில்லை. பிரான்சின் அலென் தூரேன், இத்தாலியின் ஆல்பெர்ட்டோ மெலூச்சி, ஜெர்மனியின் ஹாபர்மாஸ், கிளவுஸ் ஒஃபே போன்ற சமூகச் சிந்தனையாளர்கள் இதற்கு விளக்கம் தேடினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: பழைய இயக்கம் வர்க்கத்தை அடித்தளமாகக் கொண்டது. கூலி, வேலைநேரம், நிலம், ஆட்சி அதிகாரம் ஆகியவற்றைக் கேட்டது. தலைவர், செயலாளர், கிளை, கொடி, கட்சி என்று அடுக்கடுக்காக அமைந்தது. புதிய இயக்கம் அடையாளம், உடல், சூழல், வாழும் முறை ஆகியவற்றைப் பேசுகிறது. ஆட்சியைப் பிடிக்க நினைப்பதில்லை. தளர்வான வலைப்பின்னலாக இயங்குகிறது. படித்த நடுத்தர வர்க்கத்தினர் அதில் அதிகம். வயிறு நிரம்பிய தலைமுறைக்குக் கூலியைவிட வாழ்க்கைத் தரமும் தன்வெளிப்பாடும் முக்கியமாகிவிடுகின்றன என்று அமெரிக்க அறிஞர் ரொனால்டு இங்கிள்ஹார்ட் இதற்கு ஒரு காரணமும் சொன்னார்.

இனி இடிக்கும் பாதி. அதில்தான் எனக்கு அக்கறை.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கப்பட்டது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. தலைவர் பி. பி. வாடியா, அன்னி பெசன்டின் பிரம்மஞான வட்டத்தைச் சேர்ந்தவர். உடன் நின்றவர்களில் திரு.வி.க. முக்கியமானவர். பாடநூல் இலக்கணப்படி இதைவிடச் சுத்தமான பழைய இயக்கம் கிடைக்காது. ஆனால் அது எங்கிருந்து முளைத்தது என்று பாருங்கள். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் ஆலைக்குப் பக்கத்தில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பெயரில் ஒரு பக்தி சபை நடத்தி வந்தார்கள். பஜனைக்கும் சமயச் சொற்பொழிவுக்கும் வந்த தொழிலாளர்கள்தான் தங்கள் குறையையும் அங்கே கொட்டினார்கள். மதியம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை, மேஸ்திரிகளும் துரைமார்களும் அடிக்கிறார்கள், வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள் என்பவை அந்தக் குறைகளில் முக்கியமானவை.

கூலி உயர்வும் கேட்டார்கள்தான். ஆனால் நிதானமாகச் சாப்பிட அவகாசம், அடிபடாமல் வேலை செய்யும் உரிமை என்பவை எந்தப் பெட்டியில் சேரும்? வாழும் முறை, மரியாதை, உடல் என்று புதிய இயக்கங்களுக்கு ஒதுக்கி வைத்த சரக்கெல்லாம் 1918இலேயே பெரம்பூரில் இருக்கிறது. கிரெய்க் கால்ஹூன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1990களில் இதே கேள்வியை ஐரோப்பாவைப் பார்த்துக் கேட்டார்: புதியவை என்று நீங்கள் அடுக்கும் குணங்கள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க இயக்கங்களிலேயே இருந்தனவே? அவருக்குப் பெரம்பூர் தெரிந்திருந்தால் இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

சுயமரியாதை இயக்கத்தை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை இன்னும் மோசமாகத் தடுமாறும். 1925இல் தொடங்கியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய மாகாண மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டார்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டார்கள். புரோகிதர் இல்லாத திருமணம் செய்துவைத்தார்கள். பெயர், திருமணம், வீடு, உணவுப் பந்தி என்று அன்றாட வாழ்க்கையின் அத்தனை மூலையிலும் கைவைத்த இயக்கம் அது. தேர்தலில் நிற்காமலே இருந்தது. மெலூச்சியின் வரையறையை வரிக்கு வரி வைத்துப் பார்த்தால், ஐரோப்பாவுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே நமக்கு ஒரு புதிய சமூக இயக்கம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். கருத்தரங்குகளில் இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். கோட்பாடு அங்கே பிறந்து இங்கே வர வேண்டும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆக, ‘என்ன கேட்கிறார்கள்’ என்பதை வைத்துப் பழையது, புதியது என்று பிரிப்பது சென்னையில் எடுபடாது. அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, பெரிய வேறுபாடு. அது வேறு இடத்தில் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் யார் போவது, உடன்பாடு வந்தால் யார் கையெழுத்துப் போடுவது, போராட்டம் முடிந்தது என்று யார் அறிவிப்பது, அறிவித்தால் மற்றவர்கள் ஏன் கேட்க வேண்டும் என்பவற்றில்தான் நூறாண்டுக்கு முந்தைய சென்னையும் இன்றைய சென்னையும் பிரிகின்றன.

பழைய இயக்கத்தில் இதற்கு விடை இருந்தது. சந்தா கட்டியவர் உறுப்பினர். உறுப்பினர் நிர்வாகியைத் தேர்ந்தெடுத்தார். நிர்வாகி கையெழுத்துப் போட்டார். பிடிக்காவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் அவரை இறக்கலாம். ரசீதுப் புத்தகம், தீர்மானப் பதிவேடு, ரப்பர் முத்திரை, இரும்பு பீரோ, சுவரில் மறைந்த தலைவர்களின் படம் என்று எந்தச் சங்க அலுவலகத்தில் நுழைந்தாலும் இந்த ஏற்பாடு கண்ணில் படும். நம் ஊர் இளைஞர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பீரோவுக்குள் இருக்கும் பதிவேடுதான் நீதிமன்றத்தில் நின்று பேசும் என்பது, தொழில்தகராறு வழக்கு ஒன்றை அருகில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அந்த அதிகாரமும் சும்மா கிடைக்கவில்லை. பின்னி நிறுவனம் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்து, தொழிலாளர்களைத் தூண்டக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் நடத்தியதற்காக நட்டஈடு கட்ட வேண்டிய நிலை. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் இதற்குப் பிறகுதான் வலுத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு அதில் பிறந்தது.

அதே ஏற்பாட்டின் இருண்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சங்கம் ஒருவர் பெயரில் பேசுகிறது என்றால், அவர் பெயரில் பேச அதற்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி எழும். 1921இல் பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தில் அது எழுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். கடனும் பட்டினியும் அவர்களை வேறு விதமாக அழுத்தின. சங்கத்தில் அவர்கள் குரலுக்கு இடம் குறைவு. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மோதல்கள் நடந்தன, போலீஸ் சுட்டது. ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜா ஒரு பக்கம் நின்றார், திரு.வி.க. இன்னொரு பக்கம் நின்றார், நீதிக்கட்சிக்குள்ளேயே விரிசல் விழுந்தது. ‘தொழிலாளி’ என்ற ஒரே பெயருக்குள் எல்லாரையும் அடைத்ததன் விலை அது. பிற்காலத்தில் தலித் இயக்கமும் பெண்கள் இயக்கமும் ‘எங்கள் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்’ என்று தனியே வந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது. புதிய இயக்கங்களின் தலைமை மீதான சந்தேகத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று பழைய தோழர்கள் சிலர் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணமும் இதுதான்.

இடையில் 1965 வருகிறது. இந்தி எதிர்ப்புப் போரை மாணவர்கள் நடத்தினார்கள். போராட்டக் குழு ஒன்று இருந்தது, கல்லூரி மாணவர் தலைவர்கள் அதில் இருந்தார்கள். தி.மு.க.வின் கருத்தும் மேடையும் பின்னால் இருந்தாலும் போராட்டத்தின் கடிவாளம் கட்சியிடம் முழுமையாக இல்லை. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். அதன் பிறகு மாணவர் குழு போராட்டத்தை நிறுத்தி வைத்தது. அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் நிறுத்துகிறோம் என்று சொல்ல ஒரு குழு இருந்தது, பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தார். தெருவிலிருந்து கோட்டைக்குப் போகும் பாதை அன்று அவ்வளவு நேராக இருந்தது.

இப்போது மெரினாவுக்கு வருவோம், 2017 ஜனவரி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிய இயக்கத்தின் முழு வலிமையும் முழு இயலாமையும் அந்த ஒரே வாரத்துக்குள் இருக்கின்றன.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்திருந்தது. 2017 பொங்கலுக்கும் வாடிவாசல் திறக்கவில்லை. அலங்காநல்லூரில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஜனவரி 17 அன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சில பத்துப் பேர் கூடினார்கள். செய்தி கைப்பேசி வழியே பரவியது. மறுநாள் ஆயிரக்கணக்கில் ஆனார்கள், அதற்கடுத்து எண்ண முடியாத கூட்டம். கல்லூரி மாணவர்கள், தகவல் தொழில்நுட்பத் துறை ஊழியர்கள், கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். கட்சிக் கொடி கூடாது. அரசியல்வாதிக்கும் நடிகருக்கும் மேடை கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீரும் யாரோ கொண்டுவந்தார்கள், யாரோ பங்கிட்டார்கள், இன்னும் சிலர் கோணிப்பையோடு குப்பை பொறுக்கினார்கள். போக்குவரத்தை இளைஞர்களே ஒழுங்குபடுத்தினார்கள். இரவில் மின்விளக்கு அணைந்தபோது கைப்பேசி விளக்குகள் எரிந்தன. நள்ளிரவில் பெண்கள் அச்சமில்லாமல் அந்த மணலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த நகரத்தில் அது சாதாரணச் செய்தி இல்லை.

இந்த ஒழுங்கு வானத்திலிருந்து குதித்ததாக அன்று எழுதினார்கள். என் கணிப்பு வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அரசு திணறியபோது படகு, பால் பவுடர், போர்வை என்று ஏற்பாடு செய்த அதே வலைப்பின்னல்களும் அந்தப் பழக்கமும் ஓராண்டு கழித்து மெரினாவில் கைகொடுத்தன. யாரிடம் வண்டி இருக்கிறது, யார் சமைப்பார், எந்தச் செய்தியை நம்பலாம் என்பதெல்லாம் ஏற்கெனவே பலருக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க மதுரைக்குப் போனார். அலங்காநல்லூர் மக்கள் நிரந்தரத் தீர்வு கேட்டு விடாப்பிடியாக நின்றதால் தொடங்கிவைக்காமலே திரும்பினார். மெரினாவிலும் அதே நிலை. போராட்டத்தில் அறியப்பட்ட முகங்கள் சிலர், வெற்றி கிடைத்துவிட்டது, கலையலாம் என்றார்கள். கேட்டவர்கள் கிளம்பினார்கள், கேட்காதவர்கள் இருந்தார்கள். கேட்காதவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த முகங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லையே. தலைவர் இல்லை என்று ஐந்து நாள் பெருமையாகச் சொன்ன கூட்டத்தில், ஆறாம் நாள் தலைவரின் சொல் செல்லுபடியாகுமா?

23ஆம் தேதி காலையில் போலீஸ் கூட்டத்தை வெளியேற்றியது. தடியடி, கண்ணீர்ப்புகை, ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ. அன்றே சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் அதன் வாசகத்தை மணலில் மிச்சமிருந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி அரிபரந்தாமன் வர வேண்டியிருந்தது. அவர் கோரிக்கைக்காரர்களின் பிரதிநிதியும் இல்லை, அரசின் பிரதிநிதியும் இல்லை. இரண்டு பக்கமும் நம்பக்கூடிய ஒருவர், அவ்வளவுதான். சங்கச் செயலாளர் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்தார்.

அடி வாங்கியது யார் என்பதையும் பாருங்கள். ஓடிவந்த மாணவர்களுக்கு வழிகாட்டிய நடுக்குப்பத்து மீனவர்களின் குடியிருப்புக்குள் போலீஸ் நுழைந்தது. அங்கிருந்த மீன் சந்தை எரிந்தது. அதன்பின் விசாரணை ஆணையம் அமைந்தது. மாணவர்கள் தத்தம் கல்லூரிக்குத் திரும்பினார்கள். மீன் விற்கும் பெண்கள் சந்தைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்காகத் தொடர்ந்து அலைய, மெரினாவில் கூடியவர்கள் எந்த அமைப்பையும் விட்டுச் செல்லவில்லை. சட்டம் மட்டும் நின்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. கோரிக்கை வென்றது, இயக்கம் கரைந்தது. அப்போது கட்சி தொடங்கியவர்களின் பெயரை இன்று சொல்லச் சொன்னால் பலர் விழிப்பார்கள். விருதுநகர்ப் பாதை அடைபட்டுவிட்டது.

அரசும் பாடம் கற்றுக்கொண்டது. அதன் பிறகு மெரினாவில் போராட அனுமதி இல்லை. 1888ஆம் ஆண்டுச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பித்து, அனுமதி இல்லாமல் கூடக் கூடாது என்று ஆணை போடுகிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் அமைப்பின் பெயர், பொறுப்பாளர் பெயர், முகவரி எல்லாம் கேட்பார்கள். கிடைத்தால் வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் இராஜரத்தினம் மைதானம் போன்ற இடங்கள். தலைவர் இல்லாத இயக்கத்தில் பொறுப்பாளர் கட்டத்தை யார் நிரப்புவது? துண்டிப்பதற்கு இன்னொரு கருவியும் வந்துவிட்டது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போடுவார்கள், இப்போது இணையத்துக்கு.

இனி, நடுத்தர வர்க்கம் என்ற அம்சம். இதைச் சென்னைக் குப்பையை வைத்துப் பார்ப்பது எளிது. 1989இல் எம். பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி எக்ஸ்னோரா என்ற குடிமை அமைப்பைத் தொடங்கினார். தெருவாசிகள் மாதம் கொஞ்சம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை எடுக்கச் செய்வார்கள். முன்பு குப்பை பொறுக்கியவர்கள் பலருக்கு அதில் வேலை கிடைத்தது. கட்சி இல்லை, கொடி இல்லை, சுற்றுச்சூழல் அக்கறை, தெருவளவில் தளர்வான அமைப்பு. பாடநூல் சொல்லும் புதிய இயக்கத்துக்கு அச்சு அசலான எடுத்துக்காட்டு.

2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். மாநகராட்சியின் 5, 6 மண்டலங்களில் குப்பை அகற்றும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததால், பல ஆண்டுகளாகத் தற்காலிகமாக உழைத்தவர்கள் வேலையை இழந்தோம் என்றார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். நடைபாதையில், மழையிலும் வெயிலிலும் பதின்மூன்று நாள் இருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றினார்கள். மறுநாள் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது சிற்றுண்டி என்று அவர்களில் பலர் கொதித்தார்கள். அந்த 6ஆம் மண்டலத்தின் பெயர் திரு.வி.க. நகர்.

ஒரே குப்பை. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் புதிய இயக்கம், வண்டியைத் தள்ளுபவர் பக்கமிருந்து பார்த்தால் பழைய இயக்கம். எக்ஸ்னோராவைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் கூறவில்லை, அது செய்த வேலை பெரியது. ஆனால் தெரு சுத்தமாக வேண்டும் என்ற கோரிக்கையில் துடைப்பம் பிடிப்பவரின் ஓய்வூதியம் வரவில்லை என்பது உண்மை. புதியவற்றை ‘வாழ்க்கைத் தரம்’ பேசுபவை என்று பாராட்டும்போது, யாருடைய வாழ்க்கை என்ற கேள்வியைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைப் பக்கம் போனால் காலம் முன்னும் பின்னுமாகக் குழம்பிக் கிடக்கிறது. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் இல்லை, தலைவர் இல்லை. யாரும் இறக்கவில்லை என்று மாவட்ட ஆட்சியரே நேரில் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. வடிவம் முழுக்கப் புதியது. கோரிக்கையோ சோறும் தங்குமிடமும், பெரம்பூர் மதிய இடைவேளையின் தங்கைகள்.

மூன்று ஆண்டு கழித்து, அதே வட்டாரத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மைக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கேட்டு விண்ணப்பித்தார்கள். நிறுவனத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2025 ஜனவரியில் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. பின்னிக்காரர்கள் கேட்டதையே 106 ஆண்டு கழித்து, தொடுதிரைக் கைப்பேசி வைத்திருக்கும் தலைமுறை கேட்டது. வலைப்பின்னல் யுகத்தில் அந்த இளைஞர்கள் ஏன் ஒரு காகிதச் சான்றிதழுக்காகச் சம்பளத்தை இழந்தார்கள்? கையெழுத்துப் போட ஒரு கை வேண்டும், அந்தக் கையைச் சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. பழைய இயக்கம் காலாவதியாகிவிட்டது என்று எழுதுபவர்கள் ஒருமுறை சுங்குவார்சத்திரம் போய்வருவது நல்லது.

அடையாளம் சார்ந்த இயக்கங்களில் கதை வேறு மாதிரி. 2008இல் தமிழ்நாடு அரசு இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2009 ஜூனில் சென்னையில் வானவில் பேரணி நடந்தது. இங்கே எண்ணிக்கை முக்கியமில்லை. லட்சம் பேர் கூட வேண்டியதில்லை, ஒரு வழக்கு போதும். 2019இல் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், பாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. நாற்பது பேர் கொண்ட ஊர்வலத்தைவிட நான்கு பக்க மனு அதிகம் சாதிக்கும் களம் இது. இதே வழியைச் சுற்றுச்சூழல்காரர்களும் பிடித்தார்கள். சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வந்தபின், பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகளின் வேலையில் பெரும்பங்கு ஆவணம் திரட்டுவதும் வழக்கு நடத்துவதும்தான். தெருவில் தலைவர் இல்லாவிட்டாலும் மனுவில் மனுதாரர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கையெழுத்து மறைந்துவிடவில்லை, சங்க அலுவலகத்திலிருந்து வழக்கறிஞர் அறைக்கு இடம் மாறியிருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தீர்ப்பு எதிராக வந்தால் இயக்கத்துக்குக் கைவசம் அதிகம் இருக்காது. 2013இல் கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அணுமின் நிலையத்துக்கு இசைவு தந்தபோது, அணு உலை எதிர்ப்புப் போராட்டம் நடந்த இடிந்தகரைக்கு நேர்ந்தது அதுதான்.

எண்ணூர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அது பழையது, புதியது இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசத்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து வலையையும் படகையும் பிசுபிசுக்க வைத்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். அந்தத் தொழிற்சாலையை மூடச் சொல்லி ஊரே திரண்டது. நகரத்திலிருந்து போகும் ஆர்வலர்கள் வரைபடம், தகவல் உரிமை மனு, செயற்கைக்கோள் படம் எல்லாம் கொண்டுபோகிறார்கள், அவை பயனுள்ளவைதான். ஆனால் ‘நாளை கடலுக்குப் போவதில்லை’ என்று முடிவு செய்வது மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து. அது எந்தத் தொழிற்சங்கத்தையும்விடப் பழையது. தலைவர்கள் யார், வரி எவ்வளவு, தீர்ப்பை மீறினால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை என்பது அதன் பெருங்குறை. ஐரோப்பியக் கோட்பாட்டில் இப்படி ஒரு அமைப்புக்கு அறையே இல்லை. புதிய கோரிக்கை, நூற்றாண்டு கண்ட கூடம்.

பரந்தூரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022இல் அந்த இடத்தை அறிவித்ததிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தின் 13 கிராமங்களில் எதிர்ப்பு. ஏகனாபுரத்தில் பகல் வேலை முடித்து இரவில் கூடுகிறார்கள். கட்சிகள் வருகின்றன, போகின்றன. ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கையில் எடுத்தது கிராமசபைத் தீர்மானம். தலைவர்களை நம்பாத காலத்தில் இது கெட்டிக்கார வழி என்று நினைக்கிறேன். யாரும் தனியாகக் கையெழுத்துப் போடவில்லை, ஊரே போடுகிறது, அதற்குச் சட்டப் பெயரும் இருக்கிறது. தீர்மானங்களுக்காக அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆனால் ‘நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்’ என்று மெரினாவைக் கேட்டதுபோல ஏகனாபுரத்தைக் கேட்க முடியவில்லை.

நீங்கள் ஆய்வேட்டுக்குச் சென்னைக்குள்ளேயே ஒரு களம் தேடுவதானால் ரிப்பன் மாளிகைப் போராட்டத்தை எடுங்கள். மெரினாவைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். தூய்மைப் பணியாளர்களோடு ஒரு சங்கமும் இருந்தது, முகநூலில் ஆதரித்த மாணவர்களும் இருந்தார்கள், நீதிமன்றமும் நடுவில் இருந்தது. பதின்மூன்று நாளில் எந்த முடிவை யார் எடுத்தார், எங்கே வைத்து எடுத்தார் என்று அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதுங்கள். காலை ஆறு மணிக்கு முன்பு போக வேண்டும், அதற்குப் பிறகு அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது.